40 வருஷத்து இரும்பு பைப்பும் கரைந்துபோன என் சேமிப்பும்

கோலாலம்பூரில் செந்தூல், செத்தாப்பாக், ஜாலான் ஈப்போ பக்கம் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் கட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இன்னும் நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அப்பா அம்மா வாங்கிய வீடு, கடன் அடைத்தாயிற்று, சுவரும் கூரையும் உறுதியாக இருக்கின்றன, தீபாவளிக்குத் தீபாவளி பெயிண்ட் அடித்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். அந்த வீடுகள் பலவற்றில் சுவருக்குள் ஓடுவது ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அதற்கு 40, 50 வருஷம்தான் ஆயுள். எங்கள் வீட்டில் அது எப்படிப் போனது, அதற்காக நான் எவ்வளவு அழுதேன், அழுத பிறகு எவ்வளவு கொடுத்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் கையில் மிஞ்சியிருக்கும்.

எங்களுடையது செந்தூலில் இரட்டை மாடி டெரஸ் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. அப்பா அரசாங்க வீட்டுக் கடனில் வாங்கியது. அவர் போன பிறகு அம்மாவும் நானும்தான். தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை. போனில் ஆறுதல் சொல்வான், ஆனால் சுவரை உடைக்க வந்தவர் எதிரில் அவன் வந்து நிற்க முடியாது. தண்ணீர்க் கோளாறு ஒன்றும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. காலையில் முதலில் பைப்பைத் திறந்தால் வெளிர் மஞ்சளாக வரும். அம்மா அந்த முதல் வாளியைச் செடிகளுக்கு ஊற்றிவிடுவார். 2014 தண்ணீர்ப் பங்கீட்டின்போதும், 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து தண்ணீர் நின்றபோதும், திரும்பி வந்த தண்ணீர் பழுப்பாகக் கொட்டியது. எல்லா வீட்டிலும் இப்படித்தானே என்று விட்டுவிட்டோம். இரண்டும் வேறு வேறு என்பது பிறகுதான் புரிந்தது. தண்ணீர் நின்று வரும்போது தெருக்குழாயில் கிளம்பும் கலங்கல் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஒரு தடையும் இல்லாத நாளில் காலையில் மட்டும் மஞ்சளாக வந்து, ஒரு வாளி போனதும் தெளிந்தால், அது இரவு முழுக்க நம் வீட்டு இரும்புக்குள் நின்ற தண்ணீர். உங்கள் வீட்டில் நாளைக் காலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது அழுத்தம். நம் ஊர் வீடுகளில் பொதுவாகச் சமையலறை பைப்புக்கு மட்டும் மெயினிலிருந்து, அதாவது தெருக்குழாயிலிருந்து, நேராகத் தண்ணீர் வரும். மற்றதெல்லாம் சீலிங்குக்கு மேலே இருக்கும் டேங்கில் ஏறி, அங்கிருந்து இறங்கி வரும். டேங்க் தண்ணீருக்கு உயரம்தான் அழுத்தம். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.1 பார். மேல் மாடி ஷவருக்கும் டேங்குக்கும் இடையில் இரண்டு மீட்டர்கூட இருக்காது என்பதால் அங்கே எப்போதுமே கொஞ்சம் மெலிவாகத்தான் வரும். எங்கள் வீட்டிலோ நூல் பிடித்த மாதிரி வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி, குனிந்து மொண்டு குளிக்க முடியவில்லை. ஹார்ட்வேர் கடையில் போய்க் கேட்டேன். "பம்ப் ஒன்னு வெச்சிடுங்க கா, ஷவர் ஜம்முனு வரும்" என்றார்கள். ஆள் கூலியோடு 1,100 ரிங்கிட். சுவருக்குள் என்ன பைப், எத்தனை வருஷத்து வீடு என்று கடையிலும் கேட்கவில்லை, மாட்ட வந்தவரும் கேட்கவில்லை.

பம்ப் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். கீழ் மாடிக் குளியலறை பைப்பைத் திறக்க வேண்டும். அதற்கும் அதே டேங்கிலிருந்துதான் தண்ணீர் வருகிறது, ஆனால் உயரம் இன்னொரு மாடி கூடுதல். அங்கே நன்றாக வந்து மேலே மட்டும் மெலிந்தால் உயரம்தான் குறை, பம்ப் உதவும். கீழேயும் மெலிவாக வந்தால் பைப் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடைத்து அரித்துப்போன பைப்பில் பம்ப் வைத்தால், அது இத்தனை வருஷம் தாங்காத அழுத்தத்தை இனிமேல் தாங்க வேண்டி வரும். எங்கள் வீட்டில் கீழேயும் மெலிவுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிலர் மீட்டருக்குப் பக்கத்தில் மெயின் பைப்பிலேயே நேராக பம்ப் வைத்துத் தருகிறேன் என்பார்கள். அதற்கு அனுமதி கிடையாது. அக்கம்பக்கத்து வீட்டுத் தண்ணீரை அது இழுத்துவிடும், தெருக்குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால் மண்ணில் இருக்கும் அழுக்கையும் சேர்த்து இழுக்கும். பம்ப் எப்போதும் டேங்குக்குப் பிறகுதான்.

கொஞ்ச நாள் அம்மா சந்தோஷமாகக் குளித்தார். அப்புறம் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்தது. தொட்டால் சுவர் சில்லென்று இருந்தது. இரவில் எல்லாம் அடங்கிய பிறகு, யாருமே பைப்பைத் திறக்காத நேரத்தில் பம்ப் தானாக ஒரு விநாடி ஓடி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. பம்புக்கு என்னவோ கோளாறு என்றுதான் நினைத்தேன். தானியங்கி பம்ப் அப்படி விட்டுவிட்டு ஓடினால் அதற்குப் பின்னால் எங்கேயோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, அழுத்தம் குறையக் குறைய அது எழுந்துகொள்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூக்கம் வராமல் படுத்திருந்த இரவுகளை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. வீடு நமக்குத் தெரியாமல் உள்ளுக்குள் ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது, கூப்பிட ஆள் இல்லை என்ற பயம் அது.

தண்ணீர் பில் மாதம் 20 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். அது 100ஐத் தாண்டியது. கோலாலம்பூர், சிலாங்கூர் வீட்டுக் கட்டணம் மூன்று படியாக இருக்கிறது: 20 கன மீட்டர் வரை ஒரு விலை, அடுத்து 35 வரை ஒரு விலை, அதற்கு மேல் இன்னொரு விலை. மேல் படி ஏற ஏற ஒரு கன மீட்டரின் விலையே எகிறிவிடும். கசிவு சிறியதுதானே என்று இருக்க முடியாது. நிமிடத்துக்கு அரை லிட்டர் கசிந்தாலே நாளுக்கு 720 லிட்டர், மாதத்துக்கு 21 கன மீட்டருக்கு மேல். அதாவது ஒரு சின்னக் குடும்பத்தின் முழு மாதத் தண்ணீர். மீட்டர் வரைதான் தண்ணீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூரின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டிய பைப் நம்முடையது, அதில் போகும் தண்ணீருக்கு நாம்தான் கட்ட வேண்டும்.

டெரஸ் வீட்டில் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுத் தன் வீட்டுக் கூடத்தைக் காட்டினார். சாமி மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஈரம். "பாயிப் போச்சோர் கா?" (பைப் ஒழுகுதா?) என்று மலாயில் மெதுவாகத்தான் கேட்டார். அந்த வீட்டில் நான் சின்ன வயதில் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் அவர் வீட்டுச் சுவரைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்க 600 ரிங்கிட் ஆனது. வேண்டாம் என்றார், நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

இனி கான்ட்ரக்டர் கதை. அலுவலகத்தில் ஒருவர் கொடுத்த நம்பர். வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், ஒரு எல்போ (பைப் திரும்பும் வளைவு மூட்டு) ஒழுகுகிறது என்றார். டைல்ஸை உடைத்து, அந்த எல்போவைக் கழற்றி, நடுவில் ஒரு துண்டு பிவிசி போட்டு மூடினார். 650 ரிங்கிட். சில நாளில் அதற்கு ஒரு முழம் தள்ளி மறுபடி ஈரம். மறுபடி உடைத்தார், 400 வாங்கினார். பழைய ஜி.ஐ. பைப்பில் ஸ்பேனர் போட்டு ஒரு மூட்டைத் திருகினால் அந்த முறுக்கு அடுத்த மூட்டுக்கும் போய்ச் சேரும். பாதி அரித்திருந்த மூட்டு அதோடு விட்டுக்கொடுத்துவிடும். அதனால்தான் ஒன்றை அடைத்தால் பக்கத்தில் ஒன்று திறக்கிறது. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. இரண்டாவது ஒட்டும் தோற்றதும், "மேல பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் போச்சு, தரையை முழுசா ஹேக் பண்ணணும்" என்றார். 5,000 ரிங்கிட், பாதி முன்பணம். சுவர் நனைந்துகொண்டே இருந்தது, ஆன்ட்டி வீட்டுச் சுவர் வேறு. 2,500 ரிங்கிட் அவர் கணக்கில் போட்டேன். இரண்டு ஆட்கள் வந்து தரை டைல்ஸில் பாதியை உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு நாளைக்கு, அடுத்த வாரம், ஊரில் இல்லை, கடைசியில் போன் எடுப்பதே இல்லை. அம்மா கீழ் மாடிக்கு வந்து குளிக்க, படி ஏறி இறங்கி முட்டி வீங்கிப்போனது. எனக்கு வந்த கோபம் பணத்தைவிட அதற்காகத்தான்.

தரைக் கசிவா பைப் கசிவா என்று கண்டுபிடிக்க யாரும் எதையும் உடைக்க வேண்டியதில்லை. தரையின் நீர்க்காப்பு போயிருந்தால் குளிக்கும்போது மட்டும்தான் தண்ணீர் இறங்கும். அந்தக் குளியலறையை இரண்டு நாள் பூட்டிப் போடுங்கள். ஈரம் காய ஆரம்பித்தால் தரை. பூட்டிய பிறகும் அதே மாதிரி ஊறிக்கொண்டே இருந்தால் பைப், ஏனென்றால் பைப்பில் இரவும் பகலும் தண்ணீர் நிற்கிறது. தரையை உறுதிப்படுத்த வேண்டுமென்றால் தரை வடிகால் வாயை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் விட்டுக் கீழே சீலிங்கைப் பார்ப்பார்கள். வாட்டர்ப்ரூஃபிங் செய்யச் சொல்கிற எவரும் அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து காட்ட வேண்டும். செய்யாமல் விலை மட்டும் சொன்னால் அனுப்பிவிடுங்கள்.

பணத்தைத் திரும்ப வாங்கப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று விசாரித்தேன். நல்ல வழிதான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப் உரையாடல், பணம் போட்ட ரசீது எல்லாம் என்னிடம் இருந்தன. ஆனால் யார் மேல் போடுகிறோமோ அவருடைய பெயரும் முகவரியும் வேண்டும். எனக்குத் தெரிந்தது ஓர் அழைக்கும் பெயரும் ஒரு போன் நம்பரும்தான், அந்த நம்பரும் அடங்கிவிட்டது. பணம் போன கணக்கு வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. அங்கேயே நின்றுபோனது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் எஸ்.எஸ்.எம். என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவான நிறுவனப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றும் உள்ள கொட்டேஷனைக் கேட்டு வாங்குங்கள். பணமும் அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும். முன்பணம் சாமான் வாங்கும் அளவுக்கு மட்டும், மீதி வேலை முடிய முடிய. இதைக் கேட்டதும் முகம் மாறுகிற ஆள் வேண்டாம்.

இரண்டாவதாக வேலைக்கு வந்த பிளம்பர் தம்பியை எனக்குக் காட்டிக்கொடுத்தது கோயிலில் அன்னதானம் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா. ஸ்பான் அனுமதி உள்ளவர். 2006 நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டத்துக்குப் பிறகு இந்த வேலையை மேற்பார்ப்பது ஸ்பான் என்ற தேசிய நீர்ச் சேவை ஆணையம்தான். அனுமதி அட்டையைக் காட்டச் சொன்னால் முறையான பிளம்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தத் தம்பி வந்ததும் குளியலறைக்குப் போகவில்லை. நேராக கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மீட்டரிடம் போய்க் குந்தினார். "அக்கா, வீட்ல எல்லா பைப்பும் மூடுங்க. டேங்குக்கு ஏறுற வால்வையும் மூடிட்டு வாங்க" என்றார். மீட்டரில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. சொட்டுத் தண்ணீர் போனாலும் அது சுற்றும். மூடிய பிறகு அது நின்றுவிட்டது. அப்படியென்றால் மீட்டரிலிருந்து டேங்க் வரை கசிவு இல்லை. பிறகு சீலிங்குக்கு மேல் ஏறி டேங்க் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். காலையில் பார்த்துப் போட்டோ அனுப்பச் சொன்னார். வால்வு மூடியிருக்க, இரவு யாரும் தண்ணீர் தொடாமல் இருக்க, கோட்டுக்கு ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. கசிவு டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில். ஒரு பைசா செலவில்லாமல் வீட்டின் பாதிப் பைப் சந்தேகத்திலிருந்து விலகியது. இதை நீங்களே செய்யலாம். டேங்கில் தண்ணீர் நிறைந்ததும் மூடிக்கொள்ளும் மிதவை வால்வு (பால் வால்வு) பழுதாகித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தாலும் மீட்டர் சுற்றும் என்பதால் ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

பிறகு அவர் கேட்டார்: "ஒரு துண்டு அறுத்துப் பாத்துரலாமா கா?" டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் கையளவு அறுத்து எடுத்தார். வெளியே பார்த்தால் சாம்பல் நிறத்தில் நல்ல பைப். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். முக்கால் அங்குல பைப்புக்குள் என் சுண்டு விரல் நுனிகூட நுழையவில்லை. சுற்றிலும் செம்பழுப்பில் முண்டும் முடிச்சுமாகக் கட்டி, நடுவில் கோணலாக ஒரு துளை, அதில்தான் எங்கள் வீட்டுத் தண்ணீர் இத்தனை வருஷமும் வந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் கட்டி பொருக்குப் பொருக்காக உதிர்ந்து உள்ளங்கையில் கறுப்பும் சிவப்புமாக ஒட்டியது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அப்பாவுக்கு இதில்தானே சமைத்துப் போட்டேன் என்று அன்று ராத்திரி சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். சமையலறைத் தண்ணீர் மெயினிலிருந்து வருகிறது, அது வேறு பைப் என்று சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை.

நடப்பது இதுதான். உள்பக்கத் துத்தநாகப் பூச்சு வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பிறகு இரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் ஒரே நேரத்தில் பைப் உள்ளே குறுகவும் செய்கிறது, சுவர் மெலியவும் செய்கிறது. மரை வெட்டிய இடத்தில் பூச்சும் போய் இரும்பும் மெலிந்திருப்பதால் முதலில் ஒழுகுவது மூட்டுகளும் எல்போக்களும்தான். பித்தளை வால்வோ செம்புக் குழாயோ இரும்போடு நேராகச் சேரும் இடத்தில் இன்னும் வேகமாக அரிக்கும். இந்த நிலைக்கு வந்த வீட்டில் கசிந்த இடத்தை மட்டும் அடைப்பது காசைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போடுவதுதான். ஒரு துண்டு அறுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் ஒட்டுப் போடலாம், அடைத்திருந்தால் முழுக்க மாற்றுவதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

மாற்றும்போது பழைய பைப்பைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வேண்டியதில்லை. பழையதை இரு முனையிலும் துண்டித்து அடைத்து, சுவருக்குள்ளேயே விட்டுவிட்டார். புதிய பைப் பின்பக்க வெளிச்சுவர் வழியாக இறங்கி, குளியலறைகளுக்குள் மட்டும் டைல்ஸை வெட்டி உள்ளே போகிறது. வெளியே தெரியும் பைப் அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு இப்போது பைப் கண்ணில் படுவதே நிம்மதியாக இருக்கிறது, ஒழுகினால் அன்றே தெரியும். பி.பி.ஆர். என்ற பிளாஸ்டிக் பைப் போட்டோம். இரண்டு முனையையும் சுமார் 260 டிகிரிக்குச் சூடாக்கி ஒன்றோடொன்று உருக்கி ஒட்டுவார்கள், பசையும் இல்லை மரையும் இல்லை. ஒட்டுகிறவர் கை பழகியிருக்க வேண்டும். அதிகமாக உருக்கி அழுத்தினால் உள்ளே வளையம் மாதிரி பிதுங்கி வழியைக் குறுக்கிவிடும். இது வெயிலுக்கும் ஆகாது. வெளிச்சுவரில் போடுவதென்றால் வெயில் தாங்கும் வகை வாங்க வேண்டும் அல்லது மூடிப் பாதுகாக்க வேண்டும். சுடுதண்ணீர் போகும் பைப்புக்குத் தடிமன் கூடிய ரகம். டேங்கிலிருந்து இறங்குவது ஓர் அங்குலம், கிளைகள் முக்கால், கடைசியில் பைப் வாய்க்கு மட்டும் அரை அங்குலம். ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு வைக்கச் சொன்னேன். ஷவர் பழுதானால் வீட்டுக்கே தண்ணீரை நிறுத்த வேண்டிய பழைய அவதி இனி இல்லை.

சிமெண்ட் பூசுவதற்கு முன் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று அழுத்தச் சோதனை. கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றி, முள் நிற்கிறதா என்று நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள். புது பி.பி.ஆர். முதலில் கொஞ்சம் விரிவதால் முள் சற்று இறங்கும், மறுபடி ஏற்றிய பிறகு நிற்க வேண்டும். இன்னொன்று போட்டோ. ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை வைத்து பைப் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரியும்படி எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கிறவருக்கும் ஏர்கான் மாட்ட வருகிறவருக்கும் அதைக் காட்டலாம்.

டேங்கைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மேலே ஏறிப் பார்த்தவர் எடுத்து அனுப்பிய போட்டோவில் அடியில் விரல் தடிமனுக்குச் சேறு, மூடி ஓரத்தில் இடைவெளி, உள்ளே செத்த பல்லி. அதோடு டேங்க் உட்கார்ந்திருந்த மரச்சட்டத்தில் ஒன்றைக் கறையான் அரித்திருந்தது. 200 கேலன் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 900 கிலோவுக்கு மேல். அது அம்மா படுக்கும் அறைக்கு நேர் மேலே. பழைய வீட்டுக்காரர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் டேங்குக்குக் கீழே உள்ள மரத்தை ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள். புது டேங்க் சீலிங் வாசல் வழியாக நுழையாது, கூரை ஓட்டைப் பிரித்துத்தான் ஏற்றினார்கள். சுமை தாங்கும் சுவருக்கு மேலே புதுச் சட்டம் போட்டு உட்கார வைத்தோம். அடியில் சேறு திறந்துவிட ஒரு வால்வு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போய் விழும் ஓவர்ஃப்ளோ பைப். பைப், டேங்க், குளியலறை டைல்ஸ் திரும்பப் பதித்தது எல்லாம் சேர்த்து 9,400 ரிங்கிட். இதை முதலிலேயே செய்திருந்தால் பம்புக்கும் ஒட்டுக்கும் முன்பணத்துக்கும் ஆன்ட்டி வீட்டுச் சுவருக்கும் போன 5,250 ரிங்கிட் போயிருக்காது. அந்த பம்பைக் கழற்றி வைத்திருக்கிறேன். புது பைப்பில் கீழ் மாடிக்கு அது தேவையே இல்லை. மேல் மாடி ஷவருக்கும் உயரம் பார்த்து, பெரிய துளை உள்ள ஷவர் தலை மாட்டியதில் அம்மாவுக்குப் போதுமானதாக வருகிறது.

இரும்பு பைப்பைப் பிளாஸ்டிக்காக மாற்றினால் மின்சாரக்காரரையும் ஒரு தடவை கூப்பிடுங்கள். சில பழைய வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயோடு இணைத்திருப்பார்கள். குழாய் பிளாஸ்டிக்கானதும் அந்த எர்த் அறுந்துவிடும், வீட்டில் எல்லாம் வழக்கம்போல் எரிந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. தண்ணீர் சூடேற்றும் கருவிக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி தனியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது 100 மில்லி ஆம்பியர் ஒன்று, வீடு முழுக்கவும் அதுதான். ஈரக் கையோடு நிற்கும் இடத்துக்கு அது காவல் இல்லை. மாற்ற ஆன செலவு மொத்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது.

பழைய கழிப்பறைத் தொட்டிகளையும் அதே வேலையோடு மாற்றினோம். ஒரு தடவை இழுத்தால் 9 லிட்டருக்கு மேல் கொட்டியது, இப்போது 6க்கும் 3க்கும் தனித்தனிப் பொத்தான். பில் முன்னைவிடக் குறைந்திருக்கிறது. கழிவுநீர்ப் பக்கம் இன்னும் பாக்கி. வீட்டிலிருந்து பொதுச் சாக்கடைக் குழாயில் போய்ச் சேரும் வரை நம் பொறுப்பு, அதற்குப் பிறகு கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர். எங்கள் பக்கத்தில் ஓடுவது சுட்ட மண் குழாய், பின் சந்தில் நிற்கும் மாமரத்தின் வேர் மூட்டு வழியாக உள்ளே வந்திருக்கிறது. கேமரா விட்டுப் பார்த்தாயிற்று. மண் குழாயைப் பிவிசியாக மாற்ற அந்தத் தம்பி நிறுவனப் பெயர், பதிவு எண்ணோடு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். போனஸ் வந்ததும் அந்த வேலை. அதுவரை வாரம் ஒரு தரம் பின்பக்கத்து மேன்ஹோல் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.